அரைப் பள்ளி, முழுக் கணக்கு!

பி.காம். படித்தவனிடம் 'அரை' என்று சொன்னால் அவன் கேட்கிற அடுத்த கேள்வி, 'மீதி அரை எங்கே சார்?' என்பதுதான். திருவிதாங்கோடு அரப்பள்ளி வாசலில் நின்று நானும் அதையே கேட்டேன்.

பக்கத்தில் நின்ற பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மக்கா, இது அரைப் பள்ளிதான். அரைகுறைப் பள்ளி இல்ல, பாத்துக்கோ!"

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற ரோட்டில் தக்கலை. அங்கிருந்து சில கிலோமீட்டர் உள்ளே போனால் திருவிதாங்கோடு. 'திருவிதாங்கூர் சமஸ்தானம்' என்கிறோமே, அந்தப் பெயரே இந்த ஊரிலிருந்து போனதுதான். பத்மநாபபுரத்துக்கு முன்னால் வேணாட்டு ராஜாக்களின் தலைநகர். இன்றைக்கு கண்டக்டர் குரல் கொடுத்தால்தான் ஊர் வந்ததே தெரியும். சிவராத்திரிக்கு 'கோவிந்தா, கோபாலா' என்று ஓடுவார்களே, அந்தச் சிவாலய ஓட்டத்தின் 12 கோயில்களில் ஒன்றும் இங்கேதான் இருக்கிறது.

அரைக்கு வருகிறேன். இயேசுவின் சீடர் தோமா கி.பி. 52-ல் கொடுங்கல்லூர்ப் பக்கம் வந்து இறங்கினார், கேரளத்தில் ஏழு பள்ளிகள் நிறுவினார், 63-ல் இங்கே வந்து ஒரு அரைப் பள்ளி நிறுவினார் என்பது நம்பிக்கை. ஆக மொத்தம் ஏழரைப் பள்ளி! (நமக்கு ஏழரை என்றால் சனி. அவர்களுக்கு அது புண்ணியம்.) இன்னொரு கட்சியும் உண்டு. அரையுமில்லை, காலுமில்லை, அரசன் இடம் கொடுத்த 'அரசர் பள்ளி'தான் தேய்ந்து அரப்பள்ளி ஆனது என்கிறார்கள்.

நம்பிக்கை சரி, வவுச்சர் எங்கே? என் புத்தி அப்படி! தமிழ்நாட்டில் கல்லில் கோயில் செய்வது சூடு பிடித்ததே 7-ம் நூற்றாண்டில், பல்லவர் காலத்தில். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் கோயில் செய்ததை மண்டகப்பட்டில் கல்வெட்டாகவே பொறித்துப் பெருமைப்பட்டுக்கொண்டார் மகேந்திரவர்மன். அதற்கு 500 வருஷம் முன்னாலேயே இங்கே உளியால் இழைத்த கல் சுவர் எழுந்திருக்குமா? நம்பிக்கைக்கு வயது எத்தனை வேண்டுமானாலும் இருக்கட்டும். நாம் தொட்டுப் பார்க்கிற சுவருக்கு வயது அதைவிடக் குறைவு என்பதுதான் பொருந்தி வருகிறது.

ஆனால் இந்த வேணாட்டில் பழங்காலத்திலேயே பள்ளி இருந்ததற்கு அசல் வவுச்சர் உண்டு. கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு, கி.பி. 849. வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள், கொல்லத்துப் பள்ளிக்கு நிலமும் உரிமைகளும் கொடுத்து வட்டெழுத்தில் எழுதித் தந்தது. சாட்சிக் கையெழுத்துகளோ அரபி, பாரசீகம், எபிரேயம் என்று மூன்று தினுசு எழுத்தில்! கடல் வியாபாரம் அப்படி. எனவே திருவிதாங்கோட்டில் ஒரு பள்ளி எழுந்தது அதிசயமே இல்லை.

உள்ளே போனேன். சின்னக் கட்டடம். மூன்றே பகுதி. முன்னால் மண்டபம், நடுவில் ஜனங்கள் நிற்கிற இடம், உள்ளே பலிபீடம். ஒரே மூச்சில் கட்டியதில்லை. வெவ்வேறு காலத்தில் சேர்ந்தவை. சிலுவையை மறந்துவிட்டுப் பார்த்தால் ஏதோ சிவன் கோயில் என்று நினைத்துக்கொள்வீர்கள். கல் ஆசாரிக்குத் தெரிந்த வேலை அதுதானே? யார் கூலி கொடுத்தாலும் உளி ஒன்றுதான். சுவரைத் தடவிப் பார்த்தேன். உளி கொத்திய தடம் விரலில் தட்டுப்பட்டது.

அங்கேதான் வயிற்றைப் பிசைந்தது.

எங்கள் ஊரிலும் கல் தூண் வைத்த பழைய கோயில் ஒன்று இருந்தது. ஓடு ஒழுகியது. கமிட்டிக்குக் கணக்குப் பார்த்தவன் நான். 'ரிப்பேர் செலவோடு இன்னும் கொஞ்சம் போட்டால் ரெண்டு மடங்கு பெரிய கான்கிரீட் கோயில் வந்துவிடும்' என்று கூட்டத்தில் எழுந்து எஸ்டிமேட்டை வாசித்தவன் அடியேன். ஒரே கைதட்டல்! ஒரு வாரத்தில் இடித்தார்கள். தூண்கள் லாரி ஏறிப் போயின. ரெண்டு தூண் மட்டும் ஒரு மாட்டுத் தொழுவத்தில் கிடக்கிறது.

அப்பா அம்மாவுக்கு அந்தக் கோயிலில்தான் கல்யாணம் நடந்தது. அப்பா என்னைத் திட்டவில்லை. "கணக்கு சரிதான் மக்கா. எதை அதுல எழுதல்லேன்னுதான் தெரியல்ல" என்றார். அப்புறம் அந்தத் தெரு வழியாக நடப்பதையே விட்டுவிட்டார்.

மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையின் பொறுப்பில் உள்ள அரப்பள்ளியை 2007-ல் சர்வதேசப் புனிதத் தலமாக அறிவித்தார்கள். வெளியூர்க் கூட்டம் வருகிறது. கிளம்பும்போது பெரியவரிடம் கேட்டேன்: "கூட்டத்துக்கு இடம் பத்தாதே, இதை இடித்துப் பெரிசா கட்டலாம்னு யாரும் சொல்லலையா?"

"கூட்டம் கூடுனா ஆளு வெளிய நிக்கட்டும் மக்கா. அதுக்குப் பள்ளியை எதுக்கு இடிக்கணும்?"

இந்த ஒரு வரியைச் சொல்ல எங்கள் கமிட்டியில் அன்றைக்கு ஆள் இல்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஆகவே வாசகர்களே, நாளைக்கு உங்கள் ஊர்க் கோயில் கமிட்டியில் என்னைப்போல ஒரு பி.காம். எழுந்து எஸ்டிமேட் வாசித்தால், தயவு செய்து கைதட்டாதீர்கள்!