தரையிலிருந்து எழுந்திருக்க எத்தனை கை வேண்டும்?

மூன்று வருடங்களுக்கு முன்பு, நவராத்திரி முதல் நாள். கொலுவின் கீழ்ப்படியில் செட்டியார் பொம்மையையும் அவர் கடைச் சாமான்களையும் அடுக்குவதற்காகத் தரையில் உட்கார்ந்தேன். அடுக்கி முடித்துவிட்டு எழுந்தால், எழ முடியவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றினேன். இன்னொரு கையால் நாற்காலியைப் பிடித்தேன். இடுப்பில் ‘சுரீர்’ என்று ஒரு வலி. கடைசியில் என் மகன் வந்து இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கிவிட்டான். “என்னம்மா, பாட்டி கூட இப்படி எழுந்திருக்க மாட்டாங்க” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது என் வயது 46.

எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். “டிஸ்க்கில் ஒன்றும் பிரச்னை இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்க்கிறீங்க?” என்று கேட்டார். எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்பது மணி நேரம் என்றேன். போனைப் பார்க்கும் நேரத்தைச் சேர்க்கவில்லை. ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதித் தந்தவர், “இது வலிக்கு. பலவீனத்துக்கு மாத்திரை கிடையாது. நடங்க, யோகா கத்துக்குங்க” என்று சொல்லி அனுப்பினார்.

எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் காலை ஆறு மணிக்கு ஒரு யோகா வகுப்பு நடப்பது எனக்கு முன்பே தெரியும். துணி காயப்போட மேலே போகும்போது பார்த்திருக்கிறேன். சொல்லிக் கொடுப்பவர் ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர். எழுபதை நெருங்கும் வயது, விரைப்பான முதுகு. முதல் இரண்டு வாரம் அவர் எங்களை நிற்க மட்டும்தான் வைத்தார். தாடாசனம் என்று பெயர். பாதம் முழுவதும் தரையில் பட வேண்டும், முழங்கால் நேராக, தோள் தளர்வாக, மூச்சு மூக்கு வழியாக. அவ்வளவுதான். ‘காசு கொடுத்து நிற்பதற்கா வந்தோம்’ என்று பக்கத்தில் நின்றவரிடம் முணுமுணுத்தேன். மாஸ்டர் காதில் விழுந்துவிட்டது. “அம்மா, நீங்க இருபது வருஷமா ஒரு கால்ல வெயிட் போட்டுத்தான் நிக்கறீங்க. உங்க செருப்பைத் திருப்பிப் பாருங்க” என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். வலது செருப்பின் குதிகால் மட்டும் தேய்ந்திருந்தது!

முதுகுக்கு என்ன நடக்கிறது?

நாற்காலியில் நாளெல்லாம் உட்காரும்போது தொடையின் முன்பக்கத் தசைகள் சுருங்கியே இருக்கின்றன. பின்தொடைத் தசை இறுகுகிறது. வயிற்றுத் தசைக்கும் பிட்டத் தசைக்கும் வேலையே இல்லை. இவை எல்லாம் சேர்ந்து தாங்க வேண்டிய பாரத்தை இடுப்பு ஒன்றே தாங்குகிறது. முன்பு தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டோம், குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தோம். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது உட்கார்ந்து எழுவது தானாக நடந்தது. டைனிங் டேபிளும் சிங்க்கும் வந்த பிறகு அது போய்விட்டது. அதற்காகப் பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் உடம்புக்கு அந்த அசைவுகள் தேவைப்பட்டன.

பூனை போல முதுகை வளைத்து நிமிர்த்தும் மர்ஜாரி ஆசனம், கவிழ்ந்து படுத்து நெஞ்சைத் தூக்கும் புஜங்காசனம், மல்லாந்து படுத்து முழங்காலை வயிற்றோடு அணைக்கும் பவனமுக்தாசனம் எல்லாம் இந்த அசைவுகளைத்தான் மெதுவாகத் திருப்பித் தருகின்றன. இது மொட்டை மாடி நம்பிக்கை மட்டும் அல்ல. நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்குப் போகும் முன்பு முயன்று பார்க்க வேண்டியவை என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் யோகாவும் இருக்கிறது. அதே ஆண்டு, இடுப்பு வலி உள்ள 320 பேரை வைத்து பாஸ்டனில் நடத்தப்பட்ட ஆய்வில், 12 வாரம் யோகா செய்தவர்களுக்கு பிசியோதெரபி எடுத்துக்கொண்டவர்களுக்கு இணையான பலன் கிடைத்தது.

எனக்கு வலி குறைய இரண்டரை மாதம் ஆனது. ஒரே வாரத்தில் சரியாகிவிட்டது என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது.

நான் கேட்காத பலன்

இடுப்புக்காகப் போனவளுக்கு முதலில் கிடைத்தது தூக்கம். அந்தச் சமயத்தில் இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். அலுவலகத்தில் யாரோ சொன்ன ஒரு வார்த்தை, மகனின் காலேஜ் ஃபீஸ், அத்தையின் மருந்துச் செலவு எல்லாம் அந்த நேரத்தில்தான் வரிசை கட்டி நிற்கும். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் பால் பொங்கி வழிந்ததற்கு அழுதுவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டர் வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் நாடிசுத்தி செய்யச் சொல்வார். ஒரு நாசியில் இழுத்து மறு நாசியில் விட வேண்டும். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். நாம் சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். அதை ஆறு வரை குறைக்கும்போது, மூளையிலிருந்து இதயம், குடல் வரை செல்லும் வேகஸ் நரம்பின் ஆதிக்கம் கூடுகிறது. இதயத் துடிப்பு தணிகிறது, ரத்த அழுத்தத்தைச் சமன்படுத்தும் அனிச்சைச் செயல் கூர்மையாகிறது. பயத்தில் மூச்சு வேகமாவது நமக்குத் தெரியும். மூச்சை நிதானமாக்கினால் பயமும் இறங்கும் என்பது அதே வழியில் திரும்பி வருவதுதான்.

இதில் எனக்குப் பிடித்த ஓர் ஆய்வு உண்டு. இத்தாலிய மருத்துவர்கள் குழு 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டது. லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்பவர்களையும் யோக மந்திரம் சொல்பவர்களையும் அளந்து பார்த்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்குச் சுமார் ஆறு என்ற கணக்கில் வந்து நின்றது. இதயத்தின் தாளமும் அதற்கேற்ப மாறியது. எங்கள் வகுப்பில் ஜெபமாலை சொல்கிற ஒரு டீச்சரும் உண்டு. இதை அவரிடம் சொன்னபோது, “எங்க பாட்டிக்கு இது அப்பவே தெரியும்” என்றார்.

பிரமரி என்று ஒன்று இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு வண்டு போல ‘ம்ம்ம்’ என்று ரீங்காரமிடுவது. மகன் கேலி செய்வான் என்று கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வேன். அப்படி முனகும்போது மூக்கிலிருந்து வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு, சும்மா மூச்சு விடுவதைவிட 15 மடங்கு கூடுவதாக ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2002-ல் கண்டறிந்தார்கள். ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் வாயு அது. அதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நான் கண்டது, விளக்கை அணைத்துவிட்டு ஏழெட்டு தடவை ரீங்காரமிட்டால் கண் சொக்கியது என்பதுதான்.

கீழ் வீட்டு மாமா செய்தது

பலன்களை மட்டும் எழுதிவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை. எங்களோடு வகுப்புக்கு வந்த கீழ் வீட்டு மாமாவுக்குப் பத்து வருடமாக ரத்த அழுத்தம். மூன்று மாத யோகாவில் உடம்பு லேசானது, முகம் தெளிந்தது. யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். நான்காவது வாரம் குளியலறை வாசலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் அளந்தபோது மேல் அளவு 190-ஐத் தாண்டியிருந்தது. நல்ல வேளையாகப் பக்கவாதம் வரவில்லை. மாஸ்டர் அன்றைக்குக் கோபப்பட்டதுபோல் நாங்கள் பார்த்ததே இல்லை. “நான் வாத்தியார். டாக்டர் இல்லை. மாத்திரையைக் குறைக்கிறதும் நிறுத்துறதும் டாக்டர் சொல்லணும்” என்றார்.

ஆராய்ச்சியும் இந்த இடத்தில் நிதானமாகத்தான் பேசுகிறது. மாரடைப்பு வந்து மீண்ட 3,959 பேரை வைத்து இந்தியாவின் 24 மருத்துவமனைகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவு 2020-ல் வெளியானது. யோகா செய்தவர்கள் தங்கள் உடல்நலம் மேம்பட்டதாக உணர்ந்தார்கள், பழைய வேலைகளுக்குத் திரும்புவதிலும் முன்னேறியிருந்தார்கள். ஆனால் மறுபடி மாரடைப்போ பக்கவாதமோ வருவதை யோகா குறைத்தது என்று உறுதியாகச் சொல்ல அந்த ஆய்வால் முடியவில்லை. அதனால்தான் மருந்தோடு சேர்த்து யோகா என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

எல்லா ஆசனமும் எல்லோருக்கும் கிடையாது. சிரசாசனம் செய்யும்போது கண்ணின் உள் அழுத்தம் இரு மடங்காகக் கூடுவதைச் சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006-ல் அளந்து காட்டினார்கள். கிளாக்கோமா உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்கள் பக்கமே போகக் கூடாது. கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம், வலிப்பு, குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வேகமாக வயிற்றை உள்ளிழுத்து மூச்சைத் தள்ளும் கபாலபாதியைத் தவிர்க்க வேண்டும். டிஸ்க் விலகியவர்கள் முன்னால் குனியும் ஆசனங்களை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. போனைப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொள்கிறவர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

நாற்காலியும் யோகாதான்

என் மாமியாருக்கு 74 வயது. ஒரு முறை வழுக்கி விழுந்ததிலிருந்து நடக்கவே பயம். “நான் எங்கேம்மா காலைத் தூக்குவேன்” என்பார். அவருக்காக மாஸ்டரே வீட்டுக்கு வந்து, ஒரு மரநாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டார். அதில் உட்கார்ந்து கையைத் தூக்குவது, கணுக்காலைச் சுற்றுவது, கைப்பிடி பிடிக்காமல் எழுந்து உட்காருவது. ஒரு மாதம் கழித்து, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது. விருட்சாசனத்தின் சுருக்கப் பதிப்பு.

உடம்புக்கு ஏற்றபடி ஆசனத்தை மாற்றுவது புதுப் பழக்கம் இல்லை. டி.கிருஷ்ணமாச்சாரியார் சென்னையில் 1989-ல், நூறு வயதைக் கடந்து மறையும் வரை, ஒவ்வொருவருக்கும் அவரவர் வயது, நோய், வேலை பார்த்துத்தான் பயிற்சி வகுத்தார். அவரிடம் மைசூரில் கற்ற பி.கே.எஸ்.ஐயங்கார் சிறுவயதில் மலேரியா, காசநோய், டைபாய்டு என்று படுத்துக் கிடந்தவர். நாற்காலி, பெல்ட், மரக்கட்டை வைத்து வயதானவர்களும் ஆசனம் செய்ய வழி செய்தவர் அவர்தான். 95 வயது வரை வாழ்ந்தார்.

எவ்வளவு நேரம் செய்கிறாய் என்று தோழிகள் கேட்கிறார்கள். வகுப்பு வாரத்தில் மூன்று நாள், ஒரு மணி நேரம். மற்ற நாட்களில் வீட்டில் இருபது நிமிடம். வெறும் வயிற்றில், அல்லது சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரம் கழித்து. கடைசியில் ஐந்து நிமிடம் சவாசனம்; அதை மட்டும் யாரும் விடுவதில்லை, சிலருக்குக் குறட்டையே வந்துவிடும். வெளியூர் போனாலும் காய்ச்சல் வந்தாலும் நின்றுபோகும். போன ஐப்பசி மழையில் இருபது நாள் மாடிக்கே போகவில்லை. இடுப்பு மறுபடி முணுமுணுத்தது. திரும்பவும் தாடாசனத்திலிருந்து ஆரம்பித்தேன்.

இந்த நவராத்திரிக்கும் கீழ்ப்படியில் செட்டியார் கடையை நான்தான் வைத்தேன். எழும்போது ஒரு கை ஊன்ற வேண்டியிருந்தது. அத்தை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னும் ஒரு கை பாக்கி இருக்கே” என்றார்.