முழங்கைப் பக்கம் குத்தவேண்டாம்

கொழும்பில் பாமன்கடையிலும் வெள்ளவத்தையிலும் டயலிசிஸ் செய்பவர் உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: “கை முழுக்கக் குத்தியாச்சு, நரம்பு அகப்படேல்லை.” நாம் நரம்பு என்பது உண்மையில் நாளம், குருதியை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். சிறுநீரக நோயாளிக்கு உயிர் ஓடும் வழியே அதுதான்.

கழுத்தில் ஏன் குழாய்?

டயலிசிஸ் இயந்திரத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லிலீற்றர் குருதி வேண்டும். கையின் சிறு நாளம் அவ்வளவு தராது. அதனால் அவசரத்தில் கழுத்துப் பெருநாளத்தில் கதீட்டர் என்னும் குழாயைப் போடுகிறார்கள். வலது கழுத்தே முதல் தெரிவு, அங்கிருந்து இதயத்துக்குப் பாதை நேராக இறங்குகிறது. காறை எலும்புக்குக் கீழே போட்டால் நாளம் பின்னர் சுருங்கும் ஆபத்து அதிகம்.

அடைபடும் விதம்

குழாய் நாளச் சுவரில் மாதக்கணக்கில் உரசுகிறது. சுவர் தழும்பேறித் தடிக்கிறது, குருதி உறைகிறது. கிருமி தொற்றிக் குழாயை மாற்ற மாற்றச் சேதம் கூடும். ஒரு கை மட்டும் வீங்குவது, காலையில் முகம் ஊதியிருப்பது, நெஞ்சுத் தோலில் நாளங்கள் புடைத்துத் தெரிவது எல்லாம் நாளம் அடைபடுவதன் அடையாளங்கள். வயசுக்கு வரும் வீக்கம் என்று விட்டுவிடாதீர்கள்.

அடைத்த பிறகும் வழி உண்டு

முதலில் நாளத்துக்குள் சாயம் செலுத்திப் படம் எடுத்து அடைப்பைக் கண்டறிவார்கள். மெல்லிய கம்பி அதைத் தாண்டினால், பலூனால் விரித்துக் குழாயை இறக்கலாம். மேலிருந்து கம்பி போகாவிட்டால் தொடை நாளம் வழியே கருவியை மேலே ஏற்றி, உள்ளிருந்து கழுத்துத் தோலுக்கு வெளியே வரச்செய்து, அந்தப் பாதையில் குழாயைப் பொருத்தும் முறையும் இருக்கிறது. இதெல்லாம் தேர்ந்த கைகளுக்குரிய வேலை. தொடையில் நேரே போடலாம், ஆனால் தொற்று அதிகம். முதுகுப்புறமாகவோ ஈரல் வழியாகவோ பெருநாளத்தை அடைவது கடைசிக் கதவு. வயிற்றுறை டயலிசிஸுக்கு நாளமே தேவையில்லை. அதைப் பற்றியும் வைத்தியரிடம் கேளுங்கள்.

முன்கூட்டியே பிஸ்டுலா

கைநாடியையும் நாளத்தையும் இணைக்கும் பிஸ்டுலா 1966இல் நியூயோர்க்கில் அறிமுகமானது. பொருந்தியவர்களுக்கு இன்றும் அதற்கு நிகரில்லை. முதிர இரண்டு மூன்று மாதமாகும் என்பதால், டயலிசிஸ் நெருங்கும் முன்பே செய்துவிடவேண்டும். நம்மவர்கள் பலர் “இன்னும் கொஞ்ச நாள் பாப்பம்” என்று தள்ளிப்போட்டுக் கழுத்துக் குழாயோடு நிற்பது மனதை வருத்துகிறது.

குழாய் உள்ளவர் அதை நனைக்கக்கூடாது. நடுங்கிக் காய்ச்சல் வந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். சிறுநீரகம் பழுதென்று தெரிந்தவரோ, பிஸ்டுலாவுக்கான நாளங்களைக் காக்க, இரத்தம் எடுக்கவோ சேலைன் ஏற்றவோ வரும் தாதியிடம் தயங்காமல் சொல்லவேண்டும்: “மிஸ், முழங்கைப் பக்கம் வேண்டாம், புறங்கையில குத்துங்கோ.”