நாகேஷ்: ஜெயித்த இடமும் சறுக்கிய இடமும்



நாகேஷ் என்றாலே "சிரிப்பு நடிகர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். தாராபுரத்தில் 1933-இல் பிறந்தவர். ரயில்வே குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு, அம்மைத் தழும்பு முகத்தோடு சினிமாவுக்கு வந்து, ஏறக்குறைய ஐம்பது வருஷம் நடித்தார். 2009 ஜனவரி 31-இல் காலமானார். அத்தனை படத்திலும் நல்லா நடிச்சாரா என்றால், இல்லை. எனக்குப் பிடிபட்டது இதுதான்: அந்தப் பாத்திரத்துக்கு வாழ்க்கையில் ஏதோ ஒன்று கட்டாயம் வேணும்னு இருந்தா நாகேஷ் ஜெயிக்கிறார். சும்மா சிரிக்க வைக்கக் கூப்பிட்டா சறுக்குகிறார்.

'திருவிளையாடல்' (1965) தருமியைப் பாருங்கள். ஆடி மாசம் கோயில் ஸ்பீக்கரில் அந்த வசனத்தைக் கேட்டே சிரித்தவர்கள் நம்ம பக்கம் எத்தனை பேர்! ஆனா தருமி ஜோக் சொல்ல வரவில்லை. அவனுக்கு வேண்டியது பாண்டியன் அறிவித்த ஆயிரம் பொற்காசு. பாட்டு எழுத வராது, வறுமையும் விடாது. கோயிலில் தனியாகப் புலம்புகிறான். அந்தப் புலம்பல்தான் நமக்குச் சிரிப்பு. வேகத்தையும் கவனியுங்க. தறியில் மிதியும் நாடாவும் ஒத்து வராட்டா இழை அறுந்துடும் இல்லையா? இவர் கேள்வி கேட்க, சிவாஜி பதில் சொல்ல, ஒரு இழைகூட அறவில்லை.

'சர்வர் சுந்தரம்' (1964) படமும் அப்படித்தான். தான் விரும்பிய பெண் தன் நண்பனைத்தான் விரும்புகிறாள் என்று தெரிகிற இடத்தில் அந்த முகத்தைப் பாருங்கள். 'எதிர்நீச்சல்' (1968) மாதுவுக்குப் படிப்பு வேணும். இரண்டுமே கே.பாலசந்தர் எழுதிய கதை.

சறுக்கல் எழுபதுகளில் வந்தது. கதாநாயகனுக்கு நண்பனாக வருவார், விழுவார், அலறுவார், போவார். எதுக்கு வந்தார்னே தெரியாது. தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் எல்லாம் மேலே வந்துவிட்டார்கள். நாகேஷ் முடிந்துவிட்டார் என்று பேசினவங்க உண்டு. அப்போதும் 'அபூர்வ ராகங்கள்' (1975) படத்தில் தன் நிழலோடு குடிக்கிற டாக்டராக வந்து அசத்தினார். அப்ப குறை அவரிடமா, கொடுத்த வேஷத்திலா?

1989-இல் 'அபூர்வ சகோதரர்கள்' வில்லன். 1994-இல் 'நம்மவர்'. அதில் மகளைப் பறிகொடுத்த பேராசிரியராக அழுகையும் சிரிப்பும் கலந்து அவர் உடைகிற காட்சியை என்னால் இரண்டாம் தடவை பார்க்க முடியவில்லை. சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அதற்குத்தான் கிடைத்தது. பத்ம விருது மட்டும் கடைசி வரை இல்லை. எனக்கு அதில் கோபம்தான்.

ஒரே ஒரு படம் என் கணக்குக்கு அடங்கவில்லை. 'மகளிர் மட்டும்' (1994) படத்தில் அவர் பிணமாகவே வருகிறார். வசனம் கிடையாது, கண்ணை இமைக்கவும் கூடாது. மூன்று கதாநாயகிகள் அந்த உடலை வைத்துக்கொண்டு திண்டாடுகிறார்கள், நமக்கு வயிறு வலிக்கிறது. பிணத்துக்கு என்னதான் வேணும்? தமிழய்யாவுக்கு விடை தெரிந்தால் இந்தத் தாளுக்குக் கீழேயே எழுதி ஒட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.