வைகைக் கரைக் கொட்டகைகள் – 23: விளக்கிச் சொல்ல ஓர் ஆள்

மதுரையில் ஒரு படம் படுத்துவிட்டால் அதற்குச் சொல்லும் காரணங்கள் மூன்றுதான். பாட்டு தேறவில்லை, இரண்டாம் பாதி இழுவை, வில்லன் டம்மி. 2001 தீபாவளி முடிந்த இரண்டாம் நாள் நான்காவதாக ஒன்று சேர்ந்தது: ‘ஒண்ணும் வெளங்கல.’

நவம்பர் 14 அன்று தீபாவளி. விஜய்யின் ‘ஷாஜகான்’, விஜயகாந்தின் ‘தவசி’, பாலாவின் ‘நந்தா’ மூன்றும் பண்டிகையன்றே வந்துவிட்டன. கமலின் ‘ஆளவந்தான்’ வெள்ளிக்கிழமை, 16ஆம் தேதி வந்தது. கலைப்புலி தாணு தயாரிப்பு, சுரேஷ் கிருஷ்ணா இயக்கம். மணியன் நடத்திய ‘இதயம் பேசுகிறது’ இதழில் கமல் எழுதிய ‘தாயம்’ தொடர்கதைதான் படத்துக்கு விதை. (தொடர் எழுதுகிறவன் என்ற முறையில் இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமை.) இரட்டையர்கள். ஒருவன் விஜய், ராணுவக் கமாண்டோ. மற்றவன் நந்து, சிற்றன்னையைக் கொன்றுவிட்டுச் சிறுவயது முதல் மனநலக் காப்பகத்தில் அடைபட்டுக் கிடப்பவன். அண்ணன் தம்பிக்கு நடுவே விஜய்யின் காதலி. அவளைப் பார்த்த நந்துவின் கண்ணுக்குச் செத்துப்போன சிற்றன்னையே திரும்பி வந்து நிற்கிறாள்.

கதையைச் சொன்னால் இவ்வளவுதான். திரையில் அப்படி நேராக வராது. போதை ஏறிய நந்து மனிஷா கொய்ராலாவைக் கொல்லும் இடத்தில் மனித உருவம் சட்டென்று கார்ட்டூனாக மாறும். வெட்டும் அடியும் கார்ட்டூனில் விழும். திரும்ப மனித உருவம் வரும்போது காரியம் முடிந்திருக்கும். 

இரண்டாம் ஆட்டம் விட்டு மேலமாசி வீதிப் பக்கம் டீக்கடையில் நின்ற இருவர் பேசியது எனக்கு இன்னும் காதிலேயே நிற்கிறது.

“ஏன் மாப்ள, அவன் அந்தப் பொண்ணக் கொன்னது நெசமா, இல்ல அவன் நெனப்பா?”

“நெசந்தான் மச்சான். கார்ட்டூன் வந்துச்சுல்ல, அதுதான் அவன் மண்டைக்குள்ள ஓடுனது.”

“அப்ப அந்த ரத்தம்?”

“ரத்தம் நமக்கு. கார்ட்டூன் அவனுக்கு.”

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே கேட்டார்: “டிக்கெட்டுக் காசு யாருக்குய்யா?”

அந்த மாப்பிள்ளை சொன்னது சரியான விளக்கம். படத்தின் உத்தியை அதைவிடச் சுருக்கமாக எந்த விமர்சகரும் எழுதி நான் படித்ததில்லை. ஆனாலும் மச்சானுக்கு மனது ஆறவில்லை. “படம் மண்டயக் காயவிட்டுருச்சுடா” என்று நடந்துவிட்டார். அந்த வாரம் ஊர் முழுக்க இதே பிளவுதான். கமல் ரசிகர்கள், “பத்து வருசம் கழிச்சுப் பாருங்க, அப்பப் புரியும்” என்றார்கள். மற்றவர்கள், “பத்து வருசம் கழிச்சே ரிலீஸ் பண்ணிருக்கலாம்ல” என்றார்கள்.

புரியாத படத்தை நம் ஆட்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று சென்னையில் உட்கார்ந்து சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பேசாப் பட காலத்தில் முக்கால்வாசிப் பேருக்குத் திரையில் வரும் எழுத்தைப் படிக்கத் தெரியாது. 1905இல் திருச்சியில் ரயில்வே வேலையை விட்டுவிட்டு புரொஜெக்டரும் கூடாரமுமாகக் கிளம்பிய சாமிக்கண்ணு வின்சென்ட் போன்றவர்கள் ஊர் ஊராகக் காட்டியது ஏசுவின் வாழ்க்கைப் படம் மாதிரியான வெளிநாட்டுப் படங்களை. முகமும் உடையும் ஊரும் எதுவும் பழக்கமில்லாதவை. ஆனாலும் சனம் கூடியது. காரணம், திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்றுகொண்டிருப்பார். எழுத்தை உரக்கப் படிப்பார், இன்னார் இன்னார் என்று கை காட்டுவார், அடுத்து வரப்போவதைச் சொல்லிக் குலை நடுங்கவும் வைப்பார். 1931இல் ‘காளிதாஸ்’ வந்து படம் பேச ஆரம்பித்ததும் அவருக்கு வேலை போயிற்று.

அவருக்கும் முந்திய பரம்பரை ஒன்று மதுரை மண்ணில் இருக்கிறது. திருவிழாவில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் முதலில் மேடையேறுகிறவர் பபூன்தான். வள்ளியும் முருகனும் வருவதற்கு முன்பே அவர் வந்து சனத்தோடு சனமாகப் பேசி, உள்ளூர் ஆள் நாலு பேரை இழுத்து, ராத்திரி எந்தப் பக்கம் போகப்போகிறது என்று தொனியிலேயே சொல்லிவிடுவார். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் பாலசபை தொடங்கிய ஊர் இது. 1923 முதல் நாடக நடிகர்களுக்குச் சங்கம் இருக்கும் ஊர். பபூன் இல்லாத ஸ்பெஷல் நாடகத்தை இங்கே யாரும் பார்த்ததில்லை. அவர் கதைச்சுருக்கம் எதுவும் சொல்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நம்மோடு பாயில் உட்கார்ந்திருக்கும் ஆள் மேடையிலும் ஒருவர் இருக்கிறார், அவ்வளவுதான். அந்தத் தெம்பில் மற்ற குழப்பத்தையெல்லாம் சனம் தாங்கிக்கொள்கிறது.

‘ஆளவந்தா’னில் அந்த ஆள் இல்லை. விஜய் இருக்கிறான், ஆனால் அவன் தீவிரவாதிகளைச் சுடுகிற, டூயட் பாடுகிற வேறொரு படத்தில் இருக்கிறான். நந்துவின் சிறுவயதுக் கதையும் பாதிப் படத்துக்கு மேல்தான் வருகிறது, அதுவும் நந்துவின் கண் வழியாகவே. அப்பா குடிகாரர், சிற்றன்னை கொடுமைக்காரி என்பதை நம்புவதா, இல்லை அதுவும் கார்ட்டூன் மாதிரிதானா என்று சொல்ல யாருமில்லை. எனக்கு அந்தப் படத்தில் உள்ள குறை இதுதான்: நந்துவின் பகுதி துணிச்சலானது, விஜய்யின் பகுதி அரைத்த மாவு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போதெல்லாம் எந்தத் தோளில் சாய்ந்துகொண்டு பார்ப்பது என்று நமக்குத் தெரிவதில்லை. ‘வெளங்கல’ என்று சொன்ன மச்சான் அதைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். கதை அவருக்கு நன்றாகவே விளங்கியிருந்தது.

அதற்கு இரண்டு வருடம் முந்திய ‘சேது’வை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் நாயகனுக்குப் புத்தி பேதலிக்கிறது, சங்கிலி போடுகிறார்கள். ஒருவரும் குழம்பவில்லை. மண்டையில் விழுந்த அடியை நாமே பார்த்துவிட்டோம். சங்கிலி போடும் இடமும் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாத இடமில்லை.

தெரியாத இடமில்லை என்று சொன்னேன். ‘ஆளவந்தான்’ வருவதற்கு மூன்று மாதம் முன்பு, 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலம் குன்றியவர்களை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகை. பலரைச் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தார்கள். 28 பேர் கருகிச் செத்தார்கள். மதுரையிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் டாக்டரிடம் காட்டி, கோடாங்கியிடம் காட்டி, கடைசியாக ஏர்வாடி தர்காவில் கொண்டுபோய் விடுவது வழக்கம். மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் அங்கே தங்குவார்கள். ‘உத்தரவு’ கனவில் வரும், வந்தால் வீடு திரும்பலாம் என்பது நம்பிக்கை. அந்தத் தீ பற்றிய செய்தி மூலை முடுக்கெல்லாம் பேச்சாக இருந்த வருடத்தில், மொட்டைத் தலையும் பருத்த உடம்புமாக ஒரு நோயாளி காப்பகத்தின் சுவரைத் தாண்டி வந்து கொலை செய்கிற படம் வெளியாகிறது. இந்த இரண்டையும் சேர்த்து அன்று யாரும் பேசி நான் கேட்கவில்லை. பேசியிருந்தால் ரசிகர்களின் பிளவு வேறு கோட்டில் விழுந்திருக்கும்.

இனி 2005. ஏப்ரல் 14, ‘சந்திரமுகி’. ஜூன் 17, ‘அந்நியன்’. இரண்டும் ஓர் உடம்பில் பல ஆள் என்கிற கதைதான். இரண்டும் சக்கைப்போடு போட்டன. ‘சந்திரமுகி’ சென்னை சாந்தியில் மட்டும் 800 நாளைத் தாண்டியது. நான்கு வருடத்தில் நம் சனத்துக்கு மனநோய் பாடம் நடத்தியது யார்? ஒருவரும் இல்லை. ரஜினிதான் டாக்டராக வந்தார். நடப்பதெல்லாம் பேயா, பைத்தியமா என்று பிரபு கேட்பதும் ரஜினி உட்காரவைத்து விளக்குவதும் பேசாப் படத்து ஆள் திரைக்குள்ளேயே ஏறிவிட்டது போலத்தான். ‘அந்நிய’னில் அந்த வேலை நாசருக்கு. அது போதாதென்று ‘சந்திரமுகி’யில் பபூனும் உண்டு, அதுவும் மதுரைக்காரர். இருட்டு வராந்தாவில் வடிவேலு நடுங்கும்போது நாம் கேட்க நினைத்த கேள்வியை எல்லாம் அவர் கேட்டுவிடுகிறார்.

அந்தப் படத்தின் சாமர்த்தியம் இன்னொன்றிலும் இருக்கிறது. கடைசியில் வைத்தியம் பார்ப்பது டாக்டர் மட்டுமில்லை. மந்திரவாதியும் கூட நிற்கிறார். பேய் என்று நம்பிப் போனவனும் வியாதி என்று நம்பிப் போனவனும் ஒரே டிக்கெட்டில் திருப்தியாக வீட்டுக்குப் போனார்கள். வியாபாரத்தில் இது பெரிய மூளை. கலையில் கொஞ்சம் கள்ளத்தனம்.

நடுவில் நசுங்கியது பார்த்திபனின் ‘குடைக்குள் மழை’. 2004 செப்டம்பர். நாம் நிஜம் என்று பார்த்துக்கொண்டிருந்ததில் பெரும்பகுதி நாயகனின் மனத்துக்குள் நடந்தது என்று கடைசியில்தான் சீட்டைத் திருப்பிக் காட்டுவார். டாக்டரும் இல்லை, வடிவேலுவும் இல்லை. படம் நிற்கவில்லை. பார்த்தவர்களில் ஒரு சிறு கூட்டம் மட்டும் இன்றைக்கும் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது.

‘ஆளவந்தான்’ 2023 டிசம்பர் 8 அன்று சுமார் இரண்டு மணி நேரமாக வெட்டி ஒட்டப்பட்டு மறுபடியும் வந்தது. அந்தக் கார்ட்டூன் கொலையைப் பார்த்துத்தான் ‘கில் பில்’லில் தனக்கு யோசனை வந்ததாக டாரன்டினோ தன்னிடம் சொன்னார் என்று அனுராக் காஷ்யப் சொன்ன செய்தி இதற்குள் எல்லார் போனிலும் சுற்றி வந்திருந்தது. சிறந்த ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கு அந்தப் படம் அப்போதே தேசிய விருது வாங்கியதை அவ்வளவு பேர் சுற்றவிடவில்லை. அது போகட்டும். இம்முறை கார்ட்டூன் வந்தபோது இளவட்டங்கள் விசில் அடித்தார்கள். அவர்களுக்கு விளக்கிச் சொல்லும் ஆள் படத்துக்கு முன்பே, சட்டைப் பையிலேயே வந்துவிட்டார்.

நான் சொல்லிவந்த கணக்கை ஒரு படம் கலைத்துப்போட்டது. லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’. பெயர் தமிழ், படம் பாதி மலையாளம், பாதி தமிழ். எழுதியவர் எஸ். ஹரீஷ்; ஒளிப்பதிவு நம்ம பக்கத்துத் தேனி ஈஸ்வர். பழனி பக்கம் மஞ்சநாயக்கன்பட்டியில் எடுத்தது. (ஹலிதா ஷமீமின் ‘ஏலே’ எடுத்ததும் இதே ஊரில்தான். தன் படத்தின் அழகியல் இதில் எடுத்தாளப்பட்டிருக்கிறது என்று அவர் வருத்தப்பட்டார். அது தனி வழக்கு.) 2022 டிசம்பரில் கேரளத் திரைப்பட விழாவில் காட்டினார்கள். ஜனவரியில் தியேட்டர், பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ். தமிழ்நாட்டில் முக்கால்வாசிப் பேர் பார்த்தது வீட்டில்தான்.

வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பும் மலையாளக் கூட்டம் ஒன்று வேனில் மத்தியானத் தூக்கத்தில் கிடக்கிறது. ஜேம்ஸ் என்கிற மம்மூட்டி விழிக்கிறார், வண்டியை நிறுத்தச் சொல்கிறார், சோளக்காட்டுக்குள் இறங்கி நடக்கிறார். முன்பின் தெரியாத ஊர். ஒரு வீட்டுக்குள் நுழைகிறார், கொடியில் கிடந்த லுங்கியை எடுத்துக் கட்டுகிறார், மாட்டுக்குத் தீவனம் வைக்கிறார். இரண்டு வருடம் முன்பு காணாமல்போன அந்த வீட்டுச் சுந்தரம் இனி அவர்தான். தமிழ் சுத்தமாக வருகிறது. சுந்தரத்தின் மனைவி வெலவெலத்து நிற்கிறாள். வேனில் வந்த ஜேம்ஸின் மனைவி வாசலில் நிற்கிறாள். கண் தெரியாத அம்மா மட்டும் டிவியில் ஓடும் பழைய படத்தைக் கேட்டபடி, மகன் கடைக்குப் போய்விட்டு வந்ததுபோல அவரோடு பேசுகிறாள்.

டாக்டர் வரவில்லை. கோடாங்கியும் வரவில்லை. மறுநாள் மத்தியானம் தூங்கி எழுந்ததும் ஜேம்ஸ் மறுபடி ஜேம்ஸ். வேன் புறப்படுகிறது.

பார்த்தவர்கள் பிய்த்துக்கொண்டார்கள். சுந்தரத்தின் ஆவி என்றார்கள். வேனுக்குள் ஜேம்ஸ் கண்ட கனவு என்றார்கள். ஜேம்ஸ் நாடகக்காரர், கூட வந்தவர்களும் நாடகக் குழுவினர்தான், ஆகவே மொத்தமும் ஒரு நாடகம் என்றார்கள். மன அழுத்தத்தில் ஆள் மாறிப்போகிற வியாதி என்றார்கள். ‘இறுதிக் காட்சி விளக்கம்’ என்று யூடியூபில் வீடியோக்கள் வரிசைகட்டின. ஒன்றும் நடக்கவில்லை, கேமராவை நட்டுவைத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று பாதியில் அணைத்தவர்களும் நிறையப் பேர்.

எங்கள் வீட்டில் பெரியம்மாவோடு உட்கார்ந்து அதைப் பார்த்தேன். உசிலம்பட்டிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர், எழுபதைத் தாண்டியவர். சினிமா அவருக்கு எம்.ஜி.ஆரோடு முடிந்துவிட்டது. படம் ஓடிய நேரம் முழுக்க ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“பெரியம்மா, உங்களுக்குப் புரியுதா? அந்தாளு யாரு?”

“யாரா? அந்த வீட்டுப் பையன் வந்து எறங்கியிருக்கான்டா. பாதியில போனவன். பொண்டாட்டி புள்ளையப் பாக்கணும்னு இருக்காதா?”

“அப்ப இந்த மலையாளத்தாளு?”

“அவரு என்ன செய்வாரு பாவம். மேல வந்தா வந்ததுதான். நம்ம கோயில் களரியில சாமி எறங்குறப்ப ஆளப் பாத்தா எறங்குது?”

அவர் ஆயுசில் எத்தனை சாமியாட்டம் பார்த்திருப்பார், எத்தனை வீட்டு முற்றத்தில் உடுக்கைச் சத்தத்துக்கு நடுவே ‘நீ யாரு, எங்கேருந்து வந்தே’ என்று கேட்கும் கோடாங்கியின் குரலைக் கேட்டிருப்பார்! நாலு விளக்க வீடியோ பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்த எனக்கு வேண்டியிருந்த ஆள் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அவருக்குக் குறையாகப் பட்டது வேறொன்று.

“அந்தப் பொண்ணு ஒரு வாய் சோறாவது போட்டிருக்கலாம்டா. அம்புட்டுத் தூரத்துலேருந்து வந்திருக்கான்.”

அந்தப் படத்துக்கு 2022ஆம் ஆண்டின் சிறந்த படம், மம்மூட்டிக்குச் சிறந்த நடிகர் என்று கேரள அரசு விருது கொடுத்தது. பெரியம்மாவிடம் சொன்னேன். “யாரு, சுந்தரமா நடிச்சவருக்கா, மலையாளத்தாளா நடிச்சவருக்கா?” என்றார்.

(அடுத்த வாரம்: பகலில் நூலகமாகவும் சாயங்காலம் இங்கிலீஷ் படக் கொட்டகையாகவும் இருந்த ரீகல்)