கடலையும் காற்றையும் கம்ப்யூட்டருக்குள் ஓடவிடுகிறார்கள், தெரியுமா?

இயற்பியலோ கணிதமோ படித்து முடித்தவர்களில் சிலர் ஒரு விசித்திரமான ஆராய்ச்சிப் படிப்பில் போய்ச் சேருகிறார்கள். பெருங்கடலையும் வளிமண்டலத்தையும் சமன்பாடுகளாக்கி, கம்ப்யூட்டருக்குள் ஓடவிட்டுப் பார்க்கும் படிப்பு. சோதனைப் பொருள்? முழுப் பூமிதான்! உள்ளே எட்டிப் பார்த்தால் ஆச்சரியம் மேல் ஆச்சரியம்.

மூன்று மீட்டர் தண்ணீருக்கு மொத்த வானமும் சமம்!

உலகம் முழுக்க உள்ள காற்றை ஒரு டிகிரி சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும்? கடலின் மேல்மட்டத்தில் சுமார் மூன்று மீட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும் வெப்பமே அதற்குப் போதும். கடலின் சராசரி ஆழமோ ஏறக்குறைய 3,700 மீட்டர்! வானிலை மட்டும் போதும் என்று வருகிற மாணவருக்கும் கடல் பாடம் தேவைப்படுவது இதனால்தான்.

மை கரையாத தண்ணீர் உண்டு, தெரியுமா?

கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, சுழலும் மேசைமேல் வைத்துச் சுற்றவிடுகிறார்கள். தண்ணீர் முழுவதும் தொட்டியோடு ஒன்றாகச் சுழலும்வரை பொறுமையாகக் காத்திருந்து, ஒரு சொட்டு மை விடுகிறார்கள். அசையாத தண்ணீராக இருந்தால் மை புகைபோலக் கலைந்துவிடும். இங்கேயோ நெட்டுக்குத்தாக நின்று, மெல்லிய திரைச்சீலைகளாக மடிந்து மடிந்து தொங்குகிறது! தொட்டியின் அடியில் சின்ன வில்லை ஒன்றை வைத்தால், மேலே ஓடும் தண்ணீரும் கண்ணுக்குத் தெரியாத தூண் ஒன்று நிற்பதுபோல விலகிப் போகிறது. 1923-ல் இயற்பியலாளர் ஜி.ஐ. டெய்லர் செய்து காட்டிய வித்தை இது. சுழலும் பூமியில் கடலும் காற்றும் ஏன் இப்படி அடம்பிடிக்கின்றன என்பது இந்தத் தொட்டி முன்னால் நிற்கும்போதுதான் மண்டையில் ஏறும்.

பனிக்கட்டி கேட்ட கேள்வி, மாணவருக்குப் பட்டம்!

1893 முதல் 1896 வரை நீண்ட பயணம் ஒன்றில் நார்வேயின் ஆய்வுப்பயணி நான்சென், ‘ஃப்ராம்’ கப்பலை ஆர்க்டிக் பனிக்குள் சிக்கவைத்து, பனியோடு பனியாக மிதந்துபோனார். அப்போது ஒன்றைக் கவனித்தார்: காற்று வீசும் திசையில் பனி போகவில்லை, 20 முதல் 40 டிகிரிவரை வலப்பக்கம் ஒதுங்கிப் போனது! ஏன்? கேள்வி பியர்க்னெஸ் என்ற பேராசிரியரிடம் வந்தது. அவர் அதை எக்மன் என்ற மாணவரிடம் தள்ளிவிட்டார். மாணவர் அன்று மாலையே விடையோடு வந்து நின்றதாகச் சொல்வார்கள்!

காற்று மேல்தண்ணீரை இழுக்கிறது; அது தனக்குக் கீழே உள்ள தண்ணீரை இழுக்கிறது; பூமியின் சுழற்சியால் ஒவ்வோர் அடுக்கும் இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திரும்புகிறது. கடலுக்குள் ஒரு சுழல்படிக்கட்டு! கூட்டிப் பார்த்தால், வட அரைக்கோளத்தில் தண்ணீர் காற்றுக்கு நேர் வலப்பக்கம் நகர்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று சோமாலியாக் கரையோரம் வீசும்போது கரைத் தண்ணீர் நடுக்கடலுக்குப் போய்விட, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலேறுவதும் இதனால்தான். இந்தச் சோமாலியாக் குளிரை நினைவில் வையுங்கள். திரும்ப வரும்!

ஆறு மணி நேர வானிலைக்கு ஆறு வாரக் கணக்கு!

லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன், முதல் உலகப்போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். ஓய்வு நேரத்தில், வைக்கோல் குவியலே மேசையாக, 1910 மே 20-ம் தேதியின் வானிலையைக் கையால் கணக்கிட்டார். விடை? ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் மாறும் என்று வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் கிட்டத்தட்ட அசையவே இல்லை! போதாக்குறைக்குக் கையெழுத்துப் பிரதியும் போரில் தொலைந்து, மாதங்கள் கழித்து பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது.

மனிதர் அசரவில்லை. தப்பான விடையை ஒளிக்காமல் 1922-ல் புத்தகமாகவே போட்டார். பிரம்மாண்ட அரங்கு ஒன்றில் 64,000 பேர் உட்கார்ந்து கணக்குப்போட, நடுவில் இருப்பவர் முந்துகிறவர்கள்மேல் இளஞ்சிவப்பு ஒளியும் பிந்துகிறவர்கள்மேல் நீல ஒளியும் பாய்ச்சுவதாக அதில் ஒரு கனவும் கண்டார். பல்லாண்டுகள் கழித்து ஆராய்ந்தால், வழிமுறையில் அடிப்படைப் பிழை இல்லை. தொடக்கத் தரவுகள்தான் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை!

1950-ல் ஒரு நாள், 2008-ல் ஒரு நொடிகூட இல்லை!

1950-ல் சார்னி என்ற வானிலை விஞ்ஞானியின் குழுவினர் எனியாக் கம்ப்யூட்டரில் 24 மணி நேர வானிலையைக் கணித்தார்கள். அதற்குப் பிடித்த நேரமும் ஏறக்குறைய 24 மணி! அதே கணக்கை 2008-ல் நோக்கியா 6300 கைபேசியில் ஓடவிட்டார்கள். ஒரு நொடிக்குள் முடிந்தது!

மாதிரி ‘வெடிக்கும்’, தெரியுமா?

ஆய்வு மாணவரின் திரையில் காற்றின் வேகம் 12 என்கிறது, பிறகு 40, பிறகு 900, அப்புறம் எண்ணே இல்லை! கம்ப்யூட்டருக்குள் ஓடும் இந்தச் சமன்பாட்டுப் பூமிக்குத்தான் ‘மாதிரி’ என்று பெயர்; அது வெடித்துவிட்டது என்று அர்த்தம். பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்கு. ஒரு கட்டத்தைக் காற்றோ அலையோ தாண்டுவதற்குள் கணக்கு அடுத்த அடி வைத்துவிட வேண்டும். தாமதித்தால் பிழை பெருகிப் பெருகி எல்லாவற்றையும் விழுங்கிவிடும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே, 1928-ல், மூன்று கணித மேதைகள் கண்ட விதி இது. சரி, கட்டத்தைப் பாதியாக்கினால் துல்லியம் கூடுமே? கூடும். வேலை எட்டு மடங்காகும்! நீளத்தில் இரண்டு, அகலத்தில் இரண்டு, நேரத்தில் இரண்டு.

கடலுக்கும் காற்றுக்கும் கல்யாணம்!

1969-ல் மனாபே, கிர்க் பிரையன் என்ற இரு விஞ்ஞானிகள் கடல் மாதிரியையும் காற்று மாதிரியையும் முதன்முதலாக இணைத்தார்கள். அந்தப் பூமியில் நாடுகளும் இல்லை, மலைகளும் இல்லை. பாதி நிலம், பாதி கடல், அவ்வளவுதான்! மனாபேவுக்கு 2021-ல் இயற்பியல் நோபல். அவர்கள் வேலை பார்த்த அமெரிக்க அரசு ஆய்வகம் இருப்பது பிரின்ஸ்டனில். அங்குள்ள பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்ட மாணவர்கள் இன்றும் அந்த ஆய்வக விஞ்ஞானிகளிடம் பாடம் கேட்கிறார்கள்.

ஆலமரத்தடியிலிருந்து பருவமழைக்கு!

உத்தரப்பிரதேசத்தின் பலியா மாவட்டத்தில், கிராமத்து ஆலமரத்தடியில் எழுத்துப் படித்தவர் ஜகதீஷ் சுக்லா. 1976-ல் எம்.ஐ.டி.யில் பட்டம் வாங்கினார். அதற்கு முன்பே, 1975-ல் வெளியான ஆய்வில், அதே பிரின்ஸ்டன் ஆய்வகத்தின் மாதிரிக்குள் ஒரு வேலை செய்தார். என்ன தெரியுமா? சோமாலியாப் பக்கத்து அரபிக்கடலை வேண்டுமென்றே குளிரவைத்தார்! உடனே, மாதிரிக்குள் இருந்த இந்தியாவில் மழை குறைந்தது!

பிரையனின் கடல் மாதிரி வழிவந்த ‘மாம்’ என்ற மென்பொருள், பருவமழையை முன்கூட்டிக் கணிக்க இந்தியா பயன்படுத்தும் மாதிரிக்குள் இன்று உட்கார்ந்திருக்கிறது. ஆடியில் பட்டம் பார்த்து விதைக்கிறவர்கள் கேட்கும் மழைச் செய்தியில், பனியில் சிக்கிய ஒரு கப்பலும் அன்று மாலையே விடை சொன்ன ஒரு மாணவரும் ஒளிந்திருக்கிறார்கள்!