முதியோர் இல்லம் யாருடையது? காசு யார் தருவது?

"எங்களுக்கு ஏலாமப் போனா யாரு பார்ப்பாங்க?" என்று லயங்களில் வயதானவர்கள் கேட்கிறார்கள். பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். முதியோர் இல்லத்தை நினைக்கும் குடும்பங்களுக்கு நாங்கள் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

நமது நாட்டில் இல்லங்கள் மூன்று வகை. முதலாவது, அரசாங்கமோ மாகாண சபையோ நடத்துவது. ஆதரவற்றவர்களுக்கு இங்கே இடம் உண்டு, செலவு அரசாங்கத்துடையது. யாழ்ப்பாணம் கைதடி இல்லம் இந்த வகை. இரண்டாவது, மதத் தாபனங்களும் தர்ம சங்கங்களும் நன்கொடையில் நடத்துவது. சில இடங்களில் இலவசம், சில இடங்களில் சிறு தொகை கேட்பார்கள். மூன்றாவது, தனியார் இல்லம். மாதாமாதம் கட்டணம் கட்ட வேண்டும். சேரும்போது முற்பணமும் கேட்கலாம். மருந்து, தனியாகப் பார்க்கும் ஆள் ஆகிய செலவுகள் வேறாக வரலாம்.

அந்தக் காசு எங்கிருந்து வரும்? தோட்டத் தொழிலாளிக்கு மாதப் பென்சன் இல்லை. மொத்தமாகக் கிடைக்கும் பணம்தான் உண்டு. சேமலாப நிதிக்கு (ஈ.பி.எப்.) நமது சம்பளத்தில் 8 வீதமும் தோட்டத்தின் பங்கு 12 வீதமும் சேருகிறது. வேலையை விட்ட பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதை எடுக்கலாம். நம்பிக்கை நிதிக்கு (ஈ.டி.எப்.) தோட்டம் 3 வீதம் கட்டுகிறது. ஐந்து வருஷமாவது வேலை செய்திருந்தால் பணிக்கொடையும் உண்டு. நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம். 30 வருஷத்துக்கு 420 நாள் சம்பளம் வரும்.

இதுதான் முதுமைக்கு உள்ள கைமுதல். இதை ஒரே தடவையில் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். பெரியவரின் பெயரிலேயே பாங்கில் போட்டு வையுங்கள். முற்பணம் கேட்டால், இடையில் வெளியேறினாலோ இறந்துபோனாலோ எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். வாசிக்காத கடதாசியில் கைநாட்டு வைக்காதீர்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாத பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை. கைவிடப்பட்ட தாய் தகப்பன் மாதப் பணம் கேட்டு முதியோர் பராமரிப்புச் சபைக்கு மனுச் செய்யலாம். பிரதேச செயலகத்திலுள்ள முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இதற்கு உதவி செய்வார். ஓர் இல்லம் பதிவு செய்யப்பட்டதா என்பதையும் அவரிடமே விசாரியுங்கள்.

இல்லத்தை நேரில் போய்ப் பார்த்து, அங்கிருக்கும் முதியவர்களிடம் பேசிய பிறகே முடிவெடுங்கள். முக்கியமாக, போகப்போகிற பெரியவரின் சம்மதத்தை முதலில் கேளுங்கள்.