தண்ணீரே தாழிடும் கதவு

காஞ்சிபுரத்தை ஒட்டி ஓடும் பாலாறு, சதுரங்கப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே கடலில் கலக்கிறது. அந்த ஊரில் டச்சுக்காரர்கள் கட்டிய செங்கல் கோட்டை இன்றும் நிற்கிறது. தொண்டை மண்டலத்து நெசவாளர்களின் மெல்லிய பருத்தித் துணிதான் அவர்களை இந்தக் கரைக்கு இழுத்து வந்தது.

கோட்டைக்கு மேற்கே கிடக்கிறது பக்கிங்காம் கால்வாய். 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய இந்த நீர்வழி, பின்னர் இரு பக்கமும் நீண்டு, ஆந்திரத்தின் பெத்தகஞ்சம் முதல் மரக்காணம் வரை சுமார் 420 கி.மீ. ஆனது. தாது வருடப் பஞ்சத்தின்போது, பசித்த மக்களுக்குக் கூலி கொடுத்து, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கி.மீ. துண்டு வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயரே கால்வாய்க்கு நிலைத்தது.

உப்பும் விறகும் நெல்லும் இதன் வழியே சென்னைக்கு வந்தன. காற்று வாய்த்தால் படகோட்டிகள் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கரையோரம் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பார்கள். அத்தனை பாரம் மனிதக் கைக்கு எப்படி அசைந்தது? மிதக்கும் படகின் எடை முழுவதையும் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. இழுப்பவர் வெல்ல வேண்டியது நீரின் தடையை மட்டுமே. வேகம் பாதியானால் அந்தத் தடை ஏறக்குறைய கால் பங்காகிவிடும். அதனால்தான் மண்சாலையில் ஓரிரு டன்னுக்கே மூச்சு வாங்கும் குதிரை, ஐரோப்பியக் கால்வாய்களில் 30 டன் படகை நடைவேகத்தில் இழுத்தது.

கடலோரக் கால்வாய்க்கு இன்னொரு சிக்கல் உண்டு. முகத்துவாரங்களில் ஓதம் ஏறி இறங்க, நீர்மட்டமும் மாறும். இதற்கு விடை 'லாக்' என்னும் இரட்டைக் கதவு அடைப்பு. கதவின் இரு இலைகளும் உயரமான நீர்ப்பக்கம் நோக்கிக் கூம்பி, 'வி' வடிவில் சேரும். நீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுக்கமாகக் கதவு மூடும். இப்படிப்பட்ட இரு கதவுகளுக்கு நடுவே உள்ள தொட்டிக்குள் படகு வந்ததும் சிறு மடையைத் திறந்தால், நீர் ஏறியோ இறங்கியோ இரு பக்க மட்டமும் சமமாகும். பிறகு கதவு எளிதாகத் திறக்கும். படகைத் தூக்கி இறக்க இயந்திரம் தேவையில்லை. தண்ணீரின் எடையே போதும்.

கோட்டை கட்டிய டச்சுக்காரர்களின் நாடான நெதர்லாந்து இந்த வித்தையை இன்றும் கைவிடவில்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு துறைநகரங்களில் இரண்டு ஹோர்ன், எங்க்ஹாய்சன். இன்று அந்தத் துறைகளில் பாய்மரப் படகுகள் நிறைந்திருக்கின்றன. 1932இல் 32 கி.மீ. நீள அணை கட்டி, கடலின் ஒரு கையையே நன்னீர் ஏரியாக்கினார்கள். படகுகள் லாக் வழியே கடலுக்கும் ஏரிக்கும் போய்வருகின்றன. எங்க்ஹாய்சன் அருகே 2003இல் திறந்த லாக்கில், மேலே படகு மிதக்க, அதன் அடியில் கார்கள் ஓடுகின்றன!

நம் கால்வாயோ புயல்களில் சிதைந்து, சாக்கடையும் ஆக்கிரமிப்பும் சேர்ந்து மூச்சுத் திணறுகிறது. ஆனாலும் 2004 சுனாமியின்போது பல இடங்களில் பாய்ந்து வந்த கடல்நீரை வாங்கிக்கொண்டு, பின்னாலிருந்த உயிர்களைக் காத்தது. 2008இல் இது தேசிய நீர்வழி எண் 4இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு மட்டும் படகை மிதக்க விடாது. பஞ்சத்தில் வாடிய கைகளும் சேர்ந்து வெட்டித் தந்த கால்வாய் இது. தூர்வாரி, கழிவைத் தடுத்து, மீண்டும் தண்ணீர் ஓடவிடுவது நம் கடமை.